பேத்திக்கு ஓர் அறை

சென்னை, 2024 ஜூன் 3, திங்கள்

எங்கள் வீட்டின் கிழக்கு அறைக்குத் தொட்டிலறை என்னும் பெயர் யாரும் வைக்காமலே அமைந்துவிட்டது. பேத்தி பிறந்த பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் முடிந்து, அவள் காதில் பெயரை ஓதித் தொட்டிலில் இட்ட அன்று தொடங்கி இன்றளவும், அவ்வறையிலுள்ள ஒவ்வொரு பொருளும் அவளைப் பேணுகிறவர்களுடைய கைக்கும் கண்ணுக்கும் சௌகரியமாக இருக்கவேண்டும் என்ற உத்தேசத்துடனேயே இடம்பெற்று வந்திருக்கிறது. நின்றபடியே துணி மாற்றுவதற்கேற்ற உயரத்தில் ஒரு மேசை. தாய் சாய்ந்தமர்ந்து பாலூட்டுவதற்குக் கை வைத்த நாற்காலி. எண்ணெயும் மருந்தும் அடுக்கிய சுவர்ப் பலகை. கூரைக் கொக்கியிலிருந்து தொங்கும் தூளி. சுவரோரம் நான்கு பக்கமும் அழி வைத்த சிறு கட்டில். மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்த சிசுவுக்கு இவை யாவும் பொருத்தமாகவே இருந்தன. ஆனால், இரண்டு வயதும் இரண்டு மாதமும் நிறைந்து, ஓடவும் ஏறவும் ‘மாட்டேன்’ என்று சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்ட ஒரு பெண்ணுக்கு, அந்த அறையில் தானாகத் தொட்டு எடுக்கத்தக்க பொருள் ஒன்றுகூட இல்லை.

இன்று மத்தியானம் உறக்கம் கலைந்தவள் எழுந்து நின்று ஒரு காலை அழியின் மேற்சட்டத்தில் தூக்கி வைத்துவிட்டாள். அவள் தாய் அருகிலேயே இருந்ததனால் அள்ளி எடுத்துக்கொண்டாள். அழி வைத்த கட்டில் குழந்தைக்குக் காப்பாக இருப்பது, அதைத் தாண்டலாம் என்னும் எண்ணம் குழந்தைக்கு உதிக்கும் நாள்வரையில்தான். உதித்துவிட்ட பிறகு அந்த அழியே, விழுகிற உயரத்தை அதிகப்படுத்தும் அபாயமாக மாறிவிடுகிறது. குழந்தை ஏறக்குறைய 89 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்ததும், அல்லது அது நிற்கும்போது மேற்சட்டம் அதன் மார்பளவுக்குத் தாழ்ந்ததும், கட்டிலை மாற்றிவிடுவதே உசிதம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். சாயங்காலம் அவளைச் சுவரோடு நிறுத்தி அளந்தோம், 88 இருந்தாள்.

காரணம் மற்றொன்றும் உண்டு. மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம்; ஐப்பசியில் இவ்வீட்டுக்கு இன்னொரு ஜீவன் வரவிருக்கிறது. இளையது வந்த பிறகு மூத்தவளை இடம் மாற்றினோமானால், தன்னை அகற்றிவிட்டுத் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே அந்தப் பிஞ்சு உள்ளம் எண்ணும். ஆதலால் செய்வதை இப்போதே செய்துவிட வேண்டும். “ஆடி பிறக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுடுங்க” என்றாள் என் மனைவி.

ஜூன் 5, புதன்

தூளியை இன்று அவிழ்த்தோம்.

அது என் மனைவியின் பழைய நூற்புடைவை. பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்துப் பூவைப் போல் மிருதுவாகிவிட்ட அந்தத் துணியைத்தான் இந்தக் குழந்தையின் தகப்பனுக்கும் தூளியாகக் கட்டியிருந்தோம். துணியின் இரு விளிம்புகளும் கூடி முகத்தின்மேல் மூடிக்கொள்ளாதபடி குறுக்கே மாட்டும் கட்டையும் அந்நாளையதே. சிசுவை உறுதியான சமதளத்தில் மல்லாத்திப் படுக்கவைப்பதே உத்தமம் என்பது இக்கால வைத்தியர்களின் முடிபாகையால், இப்பேத்தியின் விஷயத்தில் பகற்பொழுதில், ஒருவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும்போது மட்டும் தூளி என்றும், இராப்பொழுதில் கட்டில் என்றும் ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பூரண திருப்தி.

வெறுந்தொட்டிலை ஆட்டலாகாது என்னும் நம்பிக்கை உடையவளாதலால், என் மனைவி அதை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். பேத்தி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போதே அவிழ்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தூங்கி எழுந்து வரும்போது தன் பொருளொன்று மாயமாய் மறைந்திருப்பதைக் காட்டிலும், அது மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போவதைத் தன் கண்ணாலேயே காண்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவோ ஆறுதலானது. புடைவையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தோம். மடித்து முடியும்வரையில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நம் தமிழ்ப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்த வகையையே வகுத்து, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடியிருப்பதை இந்தச் சமயத்தில் நினைத்துப் பார்க்கிறேன். ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடியதும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கிப் பாடியதும் இவ்வகையின. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இறுதி மூன்று மட்டும் வேறுபடும். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குப் பொதுவாக அம்மானை, நீராடல், ஊசல். மாதக் கணக்கில் குழந்தையை உற்றுநோக்கியறிந்தவர்களே இப்படிப் பகுத்திருக்க முடியும். அதிலும் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த வரிசையின் போக்கு. காப்பிடுவதும் தாலாட்டுவதும் பிறர் குழந்தைக்குச் செய்பவை. நடுவிலே கைகொட்டுவதும் தளர்நடையிட்டு வருவதும் பெரியவர்கள் வேண்ட, குழந்தை இசைந்து செய்பவை. கடைசி மூன்றும் குழந்தை தன் இச்சையாகத் தானே செய்பவை. ஆனால் அம்மானையும் ஊசலும் ஆடப்போகிறவளை நாம் தாலாட்டும் அறையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கூரைக் கொக்கியை மட்டும் அகற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொத்தனாரை வரவழைத்து அதன் பிடிமானத்தைச் சோதித்துக்கொண்டு, ஓரிரு வருஷங்கள் கழித்து அதில் ஒரு சிறு ஊஞ்சற்பலகை மாட்டலாம்.

ஜூன் 9, ஞாயிறு

அறையை அளப்பதற்காக இன்று நாடாவும் தாளுமாக அங்கே தரையில் சம்மணமிட்டு அமர்ந்தேன். உலக சுகாதார ஸ்தாபனம், நம் புதுதில்லி உட்பட ஆறு தேசத்துக் குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளின்படி, இரண்டு வயதுப் பெண்குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். தரையில் அமர்ந்திருக்கும் என் கண்ணும், நிற்கும் என் பேத்தியின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. அந்த மட்டத்திலிருந்து நோக்கியபோது அவ்வறையில் எனக்குத் தெரிந்தவை மேசையின் அடிப்பலகை, நாற்காலியின் கால்கள், மின்சாரப் பிளக்கின் துவாரங்கள், இழுப்பறைகளின் பிடிகள் ஆகியவைதாம். சுவரில் அழகாக மாட்டியிருந்த படங்கள் ஒன்றும் கண்ணில் படவில்லை.

கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டை எண்ணிக்கொண்டேன். அங்கே நாற்காலி என்பது வந்தவர்களுக்காகத் திண்ணையில் போட்டிருந்த ஒன்றே ஒன்று. உண்பது மணையிலும், உறங்குவது பாயிலும், எழுதுவது சாய்வு மேசையிலும், காய் நறுக்குவது அரிவாள்மணையிலும் என்று, வீட்டின் காரியம் முழுவதும் தரையோடு தரையாக நடந்தமையால், நடக்கக் கற்ற குழந்தைக்கு எட்டாத உயரம் என்று அதிகம் இல்லை. குழந்தைக்கென்று தனியே சாமான் செய்யவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. கட்டிலும் மேசையும் நாற்காலியும் நம் வாழ்வை இரண்டரை அடி மேலே தூக்கிவிட்டபோது குழந்தை மட்டும் கீழே தங்கிவிட்டது. அதற்காக அந்தப் பழைய வீடே எல்லா வகையிலும் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணறும், எரியும் கோட்டையடுப்பும், எட்டும் உயரத்தில் எண்ணெய் விளக்கும் அவ்வீட்டில்தான் இருந்தன. குழந்தைகள் அங்கே தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், எப்போதும் யாராவது ஒரு அத்தையோ பாட்டியோ கண்ணும் கருத்துமாக இருந்ததுதான். அந்தப் பெருங்குடும்பம் இன்று இல்லை.

மேலைநாட்டில் இந்த உயரத்தின் கொடுமையை முதலில் தீவிரமாக உணர்ந்தவர்களில் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகளின் பேட்டையில் அவர் திறந்த ‘குழந்தைகள் இல்ல’த்தில், குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான மேசை நாற்காலிகளையும், அதன் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளையும், அது தானே முகம் கழுவத்தக்க சிறு கழுவுதொட்டிகளையும் அமைத்தார். படுக்கையைப் பற்றியும் அவர் கருத்து அதுவே. களைத்தபோது தானே சென்று படுக்கவும், விழித்தபோது தானே எழுந்து வரவும் இயலும்படி, குழந்தையின் படுக்கை தரையை ஒட்டி இருக்கவேண்டும் என்றார் அவர். அந்த அம்மையாருக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய பந்தம் உண்டு. 1939-ஆம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க அடையாறுக்கு வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார்; யுத்தத்தில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததனால் இந்தியாவை விட்டு வெளியேற முடியாமல் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் பல ஆண்டுகள் தங்கினார். குழந்தையின் உள்ளம் தன் சூழலை எவ்வாறு உறிஞ்சி உருவாகிறது என்று அவர் எழுதிய நூல் 1949-இல் அடையாறிலிருந்தே வெளியாயிற்று. தரையில் பாய் விரித்து வாழ்ந்த ஜனங்களிடையே வந்து அவர் அந்நூலை வெளியிட்டது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஜூன் 12, புதன்

ஆசாரியார் வந்திருந்தார். என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, இது கட்டிலில்லை, பலகை” என்றார். பலகைதான் வேண்டும் என்றேன். நாலரை அடி நீளம், இரண்டே கால் அடி அகலம், மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேற்படாத உயரம். அடியில் காற்றோட்டத்துக்குச் சட்டங்களிடையே இடைவெளி; சென்னையின் ஈரக்காற்றில், தரையோடு ஒட்டிய மெத்தை பூசணம் பிடிக்கும். தலைமாட்டில் மட்டும் ஒரு சாய்வுப் பலகை. அழி இல்லை. புரண்டு விழுந்தாலும் எட்டு அங்குலத்திலிருந்து ஜமக்காளத்தின்மேல் விழுவாள். மெத்தைக்குப் போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு சொல்லியிருக்கிறோம். குழைந்து உள்வாங்காதபடி அழுத்தமாக அடைத்துத் தைக்கச் சொன்னோம்.

முனைகளை மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்துச் சிம்பு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளும் காரியத்தில் ஆசாரியார் காட்டிய சிரத்தையை நான் மறக்க மாட்டேன். அவருக்கும் அந்த வயதில் பேரன் இருக்கிறானாம்.

பிறகு அவரிடம் இழுப்பறை அலமாரியைக் காட்டினேன். நான்கடி உயரம், நான்கு இழுப்பறை. கீழ் இழுப்பறையை இழுத்து அதன்மேல் ஏறுவது இந்த வயதுக் குழந்தைகளின் சுபாவம். இரண்டு இழுப்பறைகள் வெளியே வந்து அவற்றின்மேல் குழந்தையின் பாரமும் சேர்ந்தால், அலமாரியின் எடை முன்பக்கம் சாய்ந்து, எவ்வளவு கனமான அலமாரியாயினும் அப்படியே குழந்தையின்மேல் கவிழும். இப்படிக் கவிழ்ந்த அலமாரிகளாலும் தொலைக்காட்சிப் பெட்டிகளாலும் பல தேசங்களில் குழந்தைகள் மாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்று 2022-இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். பரிகாரமோ மிகவும் எளியது. பின்பக்கத்து மேற்சட்டத்தில் இரண்டு எல் கிளாம்புகளைப் பொருத்தி, சுவரில் துளையிட்டு ரால் பிளக் அடித்து, நீண்ட ஸ்குருவால் முடுக்கிவிட வேண்டும். ஆசாரியார் அரைமணி நேரத்தில் செய்து முடித்து, அலமாரியைத் தம் பலங்கொண்டமட்டும் இழுத்துக் காட்டினார், அது அசையவில்லை. அடுத்த அறையிலிருந்த இரும்பு பீரோவுக்கும் அவ்விதமே செய்யச் சொன்னேன்.

கதவின் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டோம். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாழ்ப்பாளைப் போடத் தெரியும், திறக்கத் தெரியாது. உள்ளே அகப்பட்டுக்கொண்ட குழந்தை அழ, வெளியே நிற்பவர்கள் தவிக்க, கதவை உடைத்த சம்பவங்கள் எங்கள் தெருவிலேயே நடந்திருக்கின்றன.

ஜூன் 16, ஞாயிறு

சுவருக்கு வண்ணம் பூசவேண்டும். வண்ணம் என்றதும் நிறத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். நான் ஈயத்தைப் பற்றிப் பேசினேன்.

வண்ணத்தில் கலந்த ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டது பிறகு திருந்தாது. உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் தேகம் கிரகித்துக்கொள்கிறது. நம் தேசத்தில், வீட்டுக்குப் பூசும் வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே இப்போது வாங்கும் டப்பாவைப் பற்றி, அதன் மேலுள்ள அறிவிப்பைப் படித்துக்கொண்டால், பெரிய அச்சமில்லை. அச்சமெல்லாம் பழைய பூச்சைப் பற்றியது. எங்கள் வீடு நாற்பது வருஷத்து வீடு; சன்னல் கம்பிகளிலும் கதவிலும் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ தடவை எண்ணெய்ப் பூச்சு ஏறியிருக்கிறது. அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் எழும் தூசி, கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் விஷம். ஆகையால் மருமகளும் பேத்தியும் காஞ்சிபுரத்தில் அவள் பிறந்தகத்துக்குப் போயிருப்பது என்றும், பழைய பூச்சை நனைத்தே தேய்ப்பது என்றும், தேய்த்த கசடை ஈரத்துணியால் துடைத்து அள்ளுவது என்றும், பூசி முடித்த பிறகு சன்னல்களைத் திறந்துவைத்து வாசனை அடியோடு அகன்ற பின்னரே அவர்களை அழைப்பது என்றும் முடிவாயிற்று.

நிறம் எதுவாயிருந்தால் என்ன என்று நான் இருந்துவிட்டேன். மருமகள் இரண்டு மாதிரிகளைப் பேத்தியிடம் காட்டி, “உனக்கு எது வேணும்?” என்று கேட்டாள். இளமஞ்சளைத் தொட்டாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்த வயதுக்கு ஏற்ற சுதந்திரம். பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது துன்புறுத்தல்.

ஜூன் 20, வியாழன்

குழந்தை ஊரில் இல்லாத சமயத்தில் அலமாரிகளை ஒழித்துப் பார்த்தோம். துணிகளிடையே கிடந்த அந்துருண்டைகள் யாவற்றையும் வெளியே எறிந்தாயிற்று. மிட்டாயைப் போலிருக்கும் அவ்வுருண்டையை விழுங்கினால் எந்தக் குழந்தைக்கும் ஆபத்து. பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதி குறைந்த குழந்தைகளுக்கோ அதன் நாப்தலீன் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். கற்பூரத் தைலம், வலித் தைலம், இரும்புச்சத்து மாத்திரை முதலியவை பூட்டுப் போட்ட பெட்டிக்குப் போயின. பிளக்குகளுக்கு மூடி போட்டாயிற்று. படுக்கையைச் சன்னலுக்கு அடியில் போடுவதில்லை என்றும் தீர்மானித்தோம்.

ஜூன் 24, திங்கள்

விளையாட்டுச் சாமான்களைப் பற்றி வீட்டில் ஒரு நீண்ட சம்பாஷணை நடந்தது. உறவினர்களும் சிநேகிதர்களும் கொடுத்தவை மூன்று கூடைகள் நிரம்பியிருக்கின்றன. கூடையைக் கவிழ்த்துவிட்டு, குவியலின் நடுவே நின்று, எதையும் எடுக்காமல் அழுகிற குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். ஏராளம் அதற்கு இன்பம் தருவதில்லை, மயக்கமே தருகிறது. ஆதலால் இரண்டடி உயரத்தில் இரண்டே தட்டு உடைய ஒரு திறந்த அலமாரி செய்து, அதில் ஏழெட்டுச் சாமான்களை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமாகப் பரப்பி வைத்து, மீதியைப் பரணில் ஏற்றி, அவ்வப்போது மாற்றி மாற்றி இறக்குவது என்று ஏற்பாடு.

எவற்றை வைப்பது என்பதில் என் மனைவியின் தீர்ப்பே எனக்கும் சம்மதம். அம்பாசமுத்திரத்து மரச்செப்பு ஒரு தொகுதி, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, அவள் நடை பழகிய நடைவண்டி, மரக்கட்டைகள், ஒரு பந்து, துணிப் பொம்மை. நடைவண்டியின் பருவம் கடந்துவிட்டதே என்றான் மகன். ஆனால் அதில் பொம்மையை ஏற்றி அவள் இப்போது தள்ளிக்கொண்டு போகிறாள். புதிதாக வாங்குபவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கும்படி கேட்டுக்கொண்டேன். 2021 ஜனவரி முதல் அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல், அட்டை முகம் தெரியும்படி ஒரு தாழ்ந்த சட்டத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம். படிக்கத் தெரியாதவளுக்கு முதுகில் என்ன இருக்கிறது? படத்தைப் பார்த்துத்தானே புத்தகத்தை அடையாளம் காண்பாள்! அழ. வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகம் ஒன்று முதலிடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் கிழிந்து ஒட்டிய பழைய படப்புத்தகம்; புதியது வாங்கலாம் என்றபோது நான் தடுத்தேன். அவளுக்குப் பழக்கமான முகங்கள் சில இந்தப் புதிய அறையில் இருந்தாக வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

நேற்று மருமகளும் பேத்தியும் வந்துவிட்டார்கள். அழி வைத்த கட்டிலை, திருப்புளியைப் பிடிக்கும் பெருமையை அவளுக்கும் கொடுத்து, அவள் முன்னிலையிலேயே கழற்றினோம். அது தம்பிக்கோ தங்கைக்கோ என்று யாரும் சொல்லவில்லை. பிறக்கும்வரை சொல்லவும் மாட்டோம். அழிகளிடையே ஆறு சென்டிமீட்டருக்குமேல் இடைவெளி இல்லை என்பதை மறுபடியும் அளந்து பார்த்துத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டோம். அது நின்ற அதே மூலையில் புதிய படுக்கை. அதே விரிப்பு, அதே போர்வை. அவள் உடனே படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். “நானே, நானே” என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

தனியே படுக்கவைப்பதா என்பதில்தான் பேச்சு எழுந்தது. மேல்நாட்டார் பலர் பிறந்த சில மாதங்களிலேயே சிசுவைத் தனியறையில் துயிலச் செய்கிறார்கள். அங்கேயும் இப்போது, முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே சிசு உறங்கட்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். நம்மவரோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் பக்கத்திலே கிடத்திக்கொள்பவர்கள். என் அபிப்பிராயம் இது: அறை குழந்தையினுடையதாவது வேறு, அறையில் குழந்தை தனியாக இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதனால்தான் பல வீடுகளில் இந்த மாறுதல் அழுகையில் முடிகிறது. அவள் தன் படுக்கையில் தானே ஏறிப் படுக்கட்டும். பக்கத்தில் ஒரு பத்தமடைப் பாயை விரித்துப் பாட்டி படுத்துக்கொள்ளட்டும். மருமகள், “மாமா சொல்றபடியே பார்ப்போம்” என்றாள்.

இரவு எட்டரைக்குப் படுத்தவள், பாட்டியின் விரலைப் பிடித்தவாறே உறங்கிவிட்டாள்.

ஜூலை 6, சனி

ஒவ்வொரு இரவும் ஏதோ ஒரு வேளையில் எழுந்துவிடுகிறாள். அழி இல்லாத படுக்கையின் இயல்பு அது. முன்பு விழித்தால் அழுவாள். இப்போது இறங்கி நடக்கிறாள். அறை வாசலில் தாழ்ந்த மின்விளக்கொன்று மங்கலாக எரிகிறது. சமையலறையின் கதவும் மாடிப்படிக் கதவும் சாத்தித் தாழிட்டிருக்கின்றன. ஆகவே அவள் போகக்கூடிய இடம் அவள் பெற்றோரின் அறை ஒன்றே. இருட்டில் அவள் நடந்து வருவதைக் கேட்டால் என் மகன் எழுந்து, கடிந்துகொள்ளாமலும் கொஞ்சாமலும், பேச்சை வளர்க்காமலும் கைப்பிடித்து அழைத்துப்போய்ப் படுக்கையருகே விட்டுவிடுகிறான். ஏறிப் படுப்பதை அவளே செய்கிறாள். இதில் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் அது அவனுக்குத்தான் அதிகம்.

இந்த வயதில் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்குப் பதினோரு மணி முதல் பதினான்கு மணி நேரம் வரையிலும், மூன்று வயதுக்குமேல் பத்து முதல் பதின்மூன்று வரையிலும் உறக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வகுத்த கணக்கு. இவளுடைய இரவுத் தூக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது, மத்தியானத்தில் ஈடுசெய்துகொள்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

நாளை மறுநாள் ஆனி முடிகிறது, வேலையும் முடிந்துவிட்டது. துணி மாற்றும் மேசை உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. பாலூட்டும் நாற்காலி, வரப்போகும் குழந்தையை உத்தேசித்து, பெற்றோர் அறைக்குப் போயிற்று. சுவர்ப் படங்கள் இரண்டரை அடி உயரத்துக்கு இறங்கிவிட்டன. சுவரில் தாழ்வாக அடித்த இரண்டு கொக்கிகளில் அவளுடைய துண்டும் பாவாடையும் தொங்குகின்றன. காலையில் துண்டைத் தானே எடுத்துக்கொண்டு குளியலறைக்கு வருகிறாள். செப்புச் சாமானை விளையாடி முடித்து இருந்த இடத்திலேயே வைப்பதும் ஏறக்குறையப் பழகிவிட்டது. என் மனைவியின் பாய் மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பேத்தி வேண்டாம் என்று சொல்லும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கிறவர்களில் பலருடைய வீட்டில் குழந்தைக்கென்று ஓர் அறை ஒதுக்க இடமிராது என்பதை நான் நன்கு அறிவேன். ஒரே அறையில் நால்வர் ஐவர் வாழும் வீடுகளே நம் நாட்டில் மிகுதி. அவர்களுக்கும் இக்குறிப்புகளில் ஏற்பதற்கு விஷயம் உண்டு. ஒரு சுவரோரம் போதும். அங்கே ஒரு பாயும், கைக்கெட்டும் கொக்கி ஒன்றும், நாலைந்து சாமான் வைக்கும் தாழ்ந்த பலகையும் இருந்தால் குழந்தை அதைத் தன் இடமென்று அறிந்துகொள்ளும். வண்ணத்தையும் திரைச்சீலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; அவை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில், இழுப்பறை அலமாரியானாலும் இரும்பு பீரோவானாலும், அதைச் சுவரோடு பிணைக்கும் காரியத்தை மட்டும் தயவுசெய்து ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கிளாம்பும் நாலு ஸ்குருவும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.